இரண்டு பெட்டி, இரண்டு மூடி, ஒரு மூடியம்மா

மூடியம்மா அந்தச் சிவப்பு மூடியைப் பெட்டியின் மேல் வைத்து, விரல் நுனியால் கால் சுற்று திருப்பி, கையை எடுத்துவிட்டுக் காதை அருகில் கொண்டுபோனார். மூடி மெல்ல இறங்கியது. உள்ளே அடைபட்ட காற்று விளிம்பு வழியாகப் பெருமூச்சு விட்டது. "ம்ஹூம்" என்றார். பிறகு அதே மூடியைத் தூக்கிப் பக்கத்துப் பெட்டியின் மேல் வைத்தார். அதே கால் சுற்று, அதே காது. அதிலும் மூடி மெல்ல இறங்கியது. அதற்கும் "ம்ஹூம்" என்றார். காலை ஒன்பது மணியிலிருந்து இதே கூத்துதான். இப்போது மணி பதினொன்றரை.

எதிர் மேசையில் இருந்த லேபிள்காரர் பேனாவைக் கீழே வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. போட்டார்.

"அக்கா, ரெண்டு மூடியும் ரெண்டு பெட்டியிலயும் உக்காருது. இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?"

"உக்காருது தம்பி. யாரு இல்லேன்னா? ஆனா சொந்த வீட்டுல உக்காந்த மாதிரி இல்லியே. விருந்துக்கு வந்தவங்க நாற்காலி நுனியில உக்காருவாங்கல்ல, அப்படி உக்காருது."

லேபிள்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஒன்பது வருடங்களாக அந்தத் தலை இந்த அடியை வாங்கிக்கொண்டிருக்கிறது.

அது ஒரு சின்ன அருங்காட்சியகத்தின் நிலவறை. பெட்டிகளும் ஜாடிகளும் கிண்ணங்களும் சேர்ப்பதையே வாழ்க்கையாக வைத்திருந்த ஒரு பணக்காரர் எப்போதோ கட்டிவிட்டுப் போனது. அரக்குப் பூசியவை, மண்ணில் வனைந்து சுட்டவை, மரத்தில் கடைந்தவை என்று பல தேசத்துச் சாமான்கள் அங்கே உண்டு. மாடியில் கண்ணாடிக்குள் விளக்குப் போட்டு உட்கார்ந்திருப்பவை நாற்பதுதான். மற்றதெல்லாம் கீழே, மூடியம்மாவின் பொறுப்பில். வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. பதிவேட்டைத் தவிர யாரும் அதைச் சொல்வதில்லை. மூடியைப் பிடித்துத் தூக்காதே, மூடியைக் கவிழ்த்து வைக்காதே, மூடி மேல் மூடி வைக்காதே என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, ஐம்பத்திரண்டு வயதில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஆளைப் பார்த்தால் அப்படி ஒன்றும் தெரியாது. ஒல்லியான உடம்பு. மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி, இரண்டையும் தேடுவதற்கு ஒரு கால் மணி நேரம். கையில் எப்போதும் வெள்ளைப் பருத்தி உறை. மை சிந்திவிடும் என்று பேனாவைத் தொடவே மாட்டார், பென்சில் மட்டும்தான். சம்பளப் பதிவேட்டில் பென்சிலால் கையெழுத்துப் போட்டு, கணக்குப் பிரிவுக்காரர் இரண்டு மாடி இறங்கி வந்து சண்டை போட்டுவிட்டுப் போன கதையும் உண்டு.

பார்க்க வருகிறவர் யாராவது "இந்த டப்பா எந்த நாட்டுதுங்க?" என்று கேட்டுவிட்டால் போச்சு. "டப்பான்னு சொல்லாதீங்க. டப்பாவுல சாமான் வைப்பாங்க. இதுதாங்க சாமானே" என்பார். கேட்டவர் எந்த நாட்டுச் சாமான் என்று தெரியாமலே வீடு போய்ச் சேருவார். இத்தனைக்கும் மூடியம்மா மதியச் சாப்பாடு கொண்டுவரும் டப்பாவின் மூடி வேறு ஏதோ டப்பாவுடையது. அது பொருந்தாமல் ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். குறுக்கே இரண்டு ரப்பர் பேண்ட். வீட்டிலும் அப்படித்தான் என்று அவருடைய நாத்தனார் ஒருமுறை போனில் லேபிள்காரரிடம் புலம்பியிருக்கிறார். "எங்க வீட்டு அடுக்களையில ஒரு பாத்திரத்துக்கும் அதோட மூடி கிடையாது தம்பி. கேட்டா, வீட்டுலயும் அதே வேலையா அண்ணிங்கிறாங்க. நான் எங்க போய் முட்டிக்கிறது?"

ஆனால் நிலவறைப் பெட்டிகள் விஷயத்தில் அவரை அசைக்க முடியாது. ஒவ்வொன்றின் குணமும் அத்துப்படி. உள்ளங்கையில் அடங்கும் ஜப்பானியச் சந்தனப் பெட்டி ஒன்று இருக்கிறது. மரத்துப் பாலைப் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி, இருபது முப்பது தடவை இதையே செய்து கண்ணாடிபோல் ஆக்கியது. அதன் மூடியை வேகமாக எடுத்தால் வராது, காத்திருந்தால் வரும். "அது கொஞ்சம் அழுத்தக்காரப் பொண்ணு. அதட்டினா ஒண்ணும் நடக்காது" என்பார். பச்சை மெருகு போட்ட மண் ஜாடியை மூடியோடு சேர்த்தே சூளையில் வைத்துச் சுட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே நெருப்பில் ஒரே மாதிரி கோணியிருக்கும். அந்த மூடி அந்த ஜாடிக்கு மட்டும்தான். கடைந்த மரப்பெட்டி இன்னும் மோசம். மழைக்காலத்தில் மரம் ஊதி முட்டை வடிவத்துக்குப் போய்விடும். சரியான மூடியைக் கொண்டுவந்தாலும் சரியான திசையில் வைத்தால்தான் உள்ளே விடும். "நாலு மாசம் யார்கிட்டயும் பேசாது. அப்புறம் தானா வழிக்கு வரும்" என்று ஏதோ பக்கத்து வீட்டுச் சம்பந்தியைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வார்.

இப்படி ஒருவரின் எதிரே ஒன்பது வருடம் உட்கார்ந்திருக்க ஒரு பொறுமை வேண்டும். லேபிள்காரருக்கு அது பாதிதான் இருந்தது. மாடியில் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டைகளை எழுதுவது அவர் வேலை. அழகான கையெழுத்து. அச்சடித்ததா என்று பலர் விரலால் தடவிப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கையெழுத்தினால்தான் இப்போது இந்த வம்பும் வந்தது.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் புது டைரக்டர் வந்தார். அதற்கு முன் பெரிய சரக்குக் கிடங்கு ஒன்றை நடத்தியவர். கெட்டவர் இல்லை. காலணி பளபளக்கும், பேச்சு கச்சிதமாக இருக்கும், எதைப் பார்த்தாலும் இடம் வீணாகிறதே என்று தோன்றும். போன மாதம் ஒருநாள் நிலவறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மூடியைத் தனியா எடுத்துட்டா பாதி உயரம்தான் வரும். தட்டையானதைத் தட்டையானதோட வைங்க, குழிவானதைக் குழிவானதோட வைங்க. பாதி ரூம் மிச்சம். அங்க ஒரு காபிக் கடை போடலாம்" என்றார்.

"சார், ஜோடியப் பிரிக்கச் சொல்றீங்களா?" என்று மூடியம்மா கேட்டார்.

"ஜோடி எல்லாம் கல்யாண மண்டபத்துல. இது ஸ்டோர்" என்றார் டைரக்டர். அவரே தன் ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டார்.

முந்நூற்று நாற்பது மூடிகள் இழுப்பறைகளுக்குப் போயின; முந்நூற்று நாற்பது உடல்கள் அலமாரியிலேயே நின்றன. உடல்களின் அடியில் நம்பர் எழுதியிருந்தது. மூடிகளில் எதுவும் இல்லை. அவை பிரியும் என்று அந்தக் காலத்தில் யாரும் கனவிலும் நினைத்திருக்கவில்லை. சரி, மூடியில் நம்பர் ஒட்டலாம் என்றார் லேபிள்காரர். பசை படக் கூடாது என்றார் மூடியம்மா. நூல் கட்டலாம் என்றார். நூல் உராயும், கூடாது என்றார். கடைசியில் முந்நூற்று நாற்பது காகிதச் சீட்டுகளில் முத்து முத்தாக நம்பர் எழுதி, ஒவ்வொரு மூடியின் பக்கத்திலும் ஒரு சீட்டைச் சும்மா வைத்தார்கள். இழுப்பறைகள் புதிது, வாசனை போகட்டும் என்று திறந்தே வைத்திருந்தார்கள். மறுநாள் காபிக் கடைக்கு வெள்ளையடிக்க வந்த ஆள், புழுக்கமாக இருக்கிறதே என்று சீலிங் ஃபேனைப் போட்டார். வேகம் ஐந்தில்.

சீட்டுகள் பறந்த அழகை லேபிள்காரர் இன்னும் மறக்கவில்லை. அவ்வளவு நல்ல கையெழுத்து அறை முழுவதும் பறந்தது. குனிந்து குனிந்து பொறுக்கியபோது மூடியம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் லேபிள்காரருக்கு இன்னும் எரிச்சல். திட்டியிருந்தால், நூல் கட்டலாம் என்று நான்தான் சொன்னேனே என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்க வாய்ப்பே இல்லாமல் போயிற்று.

மூன்று வாரத்தில் மூடியம்மா இருநூற்று எழுபத்தெட்டு மூடிகளை அதனதன் இடத்தில் சேர்த்துவிட்டார். பாக்கி அறுபத்திரண்டு. அவற்றில் இரண்டுதான் இன்றைக்குக் கழுத்தைப் பிடித்தன. ஏனென்றால் அந்த இரண்டில் ஒன்று அருங்காட்சியகத்துடையது இல்லை.

மாடியில் போன வருடம் நடந்த கண்காட்சி ஒன்றுக்காகத் தையல்கார அம்மா ஒருவர் தன் வீட்டுப் பெட்டியை இரவல் கொடுத்திருந்தார். மூங்கிலை நாராகக் கிழித்துப் பின்னி, உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக அரக்குப் பூசிய உருளைப் பெட்டி. பர்மாப் பக்கத்து வேலை. மூடி ஆழமாக இருக்கும். மேலிருந்து போட்டால் பெட்டியின் முக்கால் உயரம் வரை இறங்கி மூடிக்கொள்ளும். கப்பலில் வேலை பார்த்த அவர் கணவர் வாங்கிவந்தது. அதே மாதிரி, அதே அளவில், வேலைப்பாடு ஏதுமில்லாத அதே வெறும் சிவப்பில் அருங்காட்சியகத்திலும் ஒன்று இருந்தது. இரவல் வாங்கியபோது எடுத்த போட்டோவோடு இரண்டு மூடியையும் ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று. இரண்டுமே போட்டோவில் இருப்பதுபோல் இருந்தன. தையல்கார அம்மா இன்று மகனோடு வேறு ஊருக்குக் குடிபோகிறார். ஆறு மணிக்கு ரயில். மூன்று மணிக்குப் பெட்டியை வாங்க வருகிறார்.

டைரக்டர் காலையிலேயே இறங்கி வந்து சொல்லிவிட்டார். "பார்க்க நல்லா இருக்கிறதப் போட்டுக் குடுங்க. மூடி கலந்துபோச்சுங்கிற பேச்சு இந்த ரூமைத் தாண்டக் கூடாது. இரவல் வாங்கினதையே ஒழுங்கா வெச்சுக்கத் தெரியலன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு எவன் நமக்குப் பொருள் குடுப்பான்?"

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மூடியம்மா நிரந்தர ஊழியர் இல்லை. வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். இன்றோடு பழைய ஒப்பந்தம் முடிகிறது. புதுக் காகிதம் டைரக்டர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"அக்கா, அந்த மூடியக் கீழ வெச்சுட்டு மேல போய் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஆகட்டும் தம்பி. இது முடியட்டும்."

"இது முடியாது. நாளைக்கு நீங்க உள்ளயே வர முடியாது. வாசல்ல நிறுத்திடுவாங்க. அப்புறம் மிச்ச மூடிய யாரு சேர்ப்பா? நானா? எனக்கு எது மேல எது கீழன்னே தெரியாது."

"அது தெரிஞ்ச விஷயம்தானே" என்று மூடியம்மா டார்ச்சை எடுத்து மூடியின் உட்புறத்தைப் பார்த்தார். கறுப்பு அரக்கு பளபளவென்று டார்ச் வெளிச்சத்தையே திருப்பி அடித்தது. உறை போட்ட விரலால் விளிம்பைச் சுற்றித் தடவினார். "ம்ஹூம்."

இரண்டரை மணிக்கு லேபிள்காரர் பொறுமை இழந்து, கீறல் குறைவாக இருந்த மூடியை எடுத்துத் தையல்கார அம்மாவின் பெட்டியில் போட்டு, மெல்லிய தாளில் சுற்றி, அட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டியும் விட்டார். மூடியம்மா தடுக்கவில்லை. அப்பாடா என்று லேபிள்காரர் மூச்சு விட்டார். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்.

மூன்று மணிக்குத் தையல்கார அம்மா படியிறங்கி வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். குடிபோகிற நாளிலும் கழுத்தில் அளவு டேப் தொங்கியது. "எங்கப்பா என் பெட்டி? பையன் வண்டியோட வாசல்ல நிக்கிறான். அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆச்சுன்னா ஹாரன் அடிச்சே ஊரக் கூட்டிடுவான்."

லேபிள்காரர் அட்டைப் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். அது பாதி வழி போவதற்குள் மூடியம்மா குறுக்கே புகுந்து வாங்கி, கட்டைப் பிரித்து, தாளைப் பிரித்து, பெட்டியை மேசை மேல் வைத்தார். பக்கத்தில் அந்த இன்னொரு மூடியையும் வைத்தார்.

"அம்மா, பெட்டி உங்களுதுதான். அதுல சந்தேகம் இல்ல. மூடி எதுன்னு எங்களுக்குத் தெரியல. நாங்க பிரிச்சு வெச்சோம், கலந்துபோச்சு. தப்பு எங்க மேலதான்."

லேபிள்காரர் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது. ஒரே மூச்சில் நாலு வாக்கியம், ஒப்பந்தம் காலி. இந்த மனுஷிக்காக மாடிக்குப் போய் நானே கையெழுத்து வாங்கி வந்திருக்கலாமே என்று தன் மேலேயே கோபம் வந்தது. மூடியம்மா மேல் வந்த கோபம் அதைவிடப் பெரிது.

தையல்கார அம்மா இரண்டு மூடியையும் பார்த்தார். மூடியம்மாவைப் பார்த்தார். "இதுக்கா இப்படி மூஞ்சிய வெச்சிருக்கீங்க? ஏதாவது ஒண்ணப் போட்டுக் குடும்மா. உள்ள போடுற பட்டன் கொட்டாம இருந்தா சரி."

வேலை போகும் என்று தெரிந்தும் உண்மையைச் சொன்னால், கேட்டவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை! லேபிள்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அதான் அவங்களே சொல்லிட்டாங்களே அக்கா" என்று மறுபடி தாளைக் கையில் எடுத்தார்.

"இருங்க தம்பி." மூடியம்மா நகரவில்லை. "வீட்டுல இத எப்படித் திறப்பீங்கம்மா?"

"எப்படித் திறப்பாங்க? கையாலதான்."

"எங்க உக்காந்து?"

"மிஷின்ல உக்காந்துதான். பெட்டி முழங்காலுக்கு நடுவுல இருக்கும். வலது கையில துணி. இடது கையால திறந்து பட்டன் எடுப்பேன். இதெல்லாம் எதுக்குக் கேக்குற? போலீஸ் கேஸா?"

மூடியம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "அப்படியே ஒரு தடவ செஞ்சு காட்டுங்க. உங்களுக்கு ரயில் தப்பாது. நான் பொறுப்பு."

எந்தப் பொறுப்பில் இவர் ரயிலை நிறுத்தப் போகிறார் என்று லேபிள்காரர் முணுமுணுத்தார். தையல்கார அம்மா சலித்துக்கொண்டே உட்கார்ந்து, பெட்டியை முழங்காலுக்கு நடுவில் இடுக்கினார். மூடியம்மா முதல் மூடியை, லேபிள்காரர் தேர்ந்தெடுத்த அந்த நல்ல மூடியை, மேலே போட்டார். தையல்கார அம்மாவின் இடது கை அதைப் பற்றியது, வழுக்கியது, மறுபடி பற்றித் தூக்கியது. "வந்துச்சு. போதுமா?"

"இப்ப இது" என்று மூடியம்மா அடுத்ததைப் போட்டார்.

சரியாக அந்த நேரம் வாசலில் ஹாரன் அலறியது. "வந்துட்டேண்டா! கொஞ்சம் பொறு..." என்று தையல்கார அம்மா முகத்தை மாடிப்படி பக்கம் திருப்பிக் கத்தினார். கத்தும்போதே இடது கை தன்பாட்டுக்கு இறங்கி மூடியைத் தூக்கியது. கட்டைவிரல் விளிம்பைத் தாண்டி உள்பக்கம் போய் ஓர் இடத்தில் அழுந்தி நின்றது. கத்தல் பாதியில் நின்றுவிட்டது.

"அட" என்றார். குனிந்து தன் கட்டைவிரலைப் பார்த்தார். விரலை மெல்ல நகர்த்தினார். அரிசியில் பாதி அளவுக்கு ஒரு சின்னக் கொப்புளம் அங்கே இருந்தது. "இஸ்திரிப் பெட்டி பட்டது. கல்யாணமாகி ரெண்டாவது வருஷம். திறந்து வெச்சிருந்த மூடிக்குள்ள அதோட முனை பட்டுப் பொங்கிடுச்சு. அவ்வளவு தூரம் கப்பல்ல போய் ஆசையா வாங்கிட்டு வந்தாரு. பார்த்தா மனசு கஷ்டப்படுவாரேன்னு, எப்பத் திறந்தாலும் கட்டைவிரல வெச்சு மறைச்சே திறப்பேன். கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது." கட்டைவிரலை அந்த இடத்திலேயே வைத்திருந்தார். "அவர் போயி ஆறு வருஷம் ஆச்சு. நான் இன்னும் மறைச்சுட்டிருக்கேன் பாரு."

மறுபடி ஹாரன் அடித்தது. இந்தத் தடவை அவர் பதில் கத்தவில்லை. இன்னொரு மூடியைப் பார்க்கக்கூட இல்லை. தாளும் வேண்டாம், அட்டைப் பெட்டியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பெட்டியை மூடி, அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார்.

போகும் முன் மூடியம்மா, "ஒரு நிமிஷம்" என்று வலது கை உறையைக் கழற்றிவிட்டு, மூடியைச் சற்றுத் தூக்கி, வெறும் விரலை உள்ளே விட்டு அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். தட்டுப்பட்டது. காலையிலிருந்து அந்த விளிம்பை முப்பது நாற்பது முறையாவது அவர் சுற்றித் தடவியிருப்பார். "உறையோட தேடியிருக்கேன், முட்டாள்" என்றார். அவர் தன்னைத்தானே திட்டி லேபிள்காரர் கேட்டது இதுதான் முதல் தடவை. ஒன்பது வருடமாக அதற்குத்தான் காத்திருந்தார். கேட்டபோது ஏனோ அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

மாடிப்படியில் தையல்கார அம்மாவின் குரல் கேட்டது. எதிரே இறங்கி வந்த டைரக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். "உங்க ஆளு தங்கமானவங்க சார். மூடி கலந்துபோச்சுன்னு மறைக்காமச் சொல்லிட்டாங்க. இந்தக் காலத்துல யாரு சொல்றா?" நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்ற எண்ணம்தான். லேபிள்காரருக்கு அந்தப் படியிலேயே போய் முட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

டைரக்டர் உள்ளே வந்தார். கக்கத்தில் ஒரு ஃபைல், சட்டைப் பையில் பேனா. முகம் சிவந்திருந்தது.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் சார்."

"நான் காலையில என்ன சொன்னேன்?"

"சொல்லக் கூடாதுன்னீங்க."

"அப்புறம்?"

"அப்புறம் சொல்லிட்டேன் சார்."

டைரக்டர் ஃபைலைக் கக்கத்திலிருந்து எடுத்துத் தட்டினார். "உங்க பேப்பர் இதுலதான் இருக்கு. கையெழுத்துப் போடலாம்னுதான் எடுத்துட்டு வந்தேன். இன்னைக்குக் கடைசி நாள்னு ஞாபகம் இருக்கா, இல்லியா?"

"இருக்கு சார். இன்னும் அறுபது மூடி இருக்கு" என்றார் மூடியம்மா. சொல்லிக்கொண்டே இழுப்பறையைத் திறந்து ஒரு பச்சை மூடியையும், அலமாரியிலிருந்து ஒரு பச்சை ஜாடியையும் எடுத்து வந்தார். இரண்டு கையிலும் வெறும் விரல்கள்.

லேபிள்காரர் டைரக்டருக்குப் பின்னால் நின்று, கையெழுத்துப் போடுவதுபோலக் காற்றில் எழுதிக் காட்டினார். கெஞ்சும் பாவனையில் முகத்தை வைத்துக் காட்டினார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு "மன்னிச்சிடுங்க சார்" சொன்னால் போதும். மூடியம்மா அவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஜாடியைப் பார்த்தார்.

"ஒரு ஒழுங்கு வேணும்மா. நான் ஒண்ணு சொன்னா அதுக்கு ஒரு..." என்று டைரக்டர் ஆரம்பித்தார்.

"சார், இதக் கொஞ்சம் புடிங்க. நழுவுது."

நழுவுகிற பொருளைப் பார்த்துக்கொண்டு யார் பேசிக்கொண்டிருப்பார்கள்? டைரக்டர் பதறிப்போய் இரண்டு கையையும் நீட்டி மூடியை வாங்கினார். நீட்டிய வேகத்தில் கை தவறிய ஃபைலை மூடியம்மா பிடித்து மேசையில் போட்டார். ஜாடியின் அடிப்பாகம் தேய்ந்திருந்தது. மேசையில் நிற்காமல் ஆடியது. அதைத் தூக்கி ஃபைலின் மேல் வைத்தார்.

"இப்ப மூடிய மேல வைங்க. அழுத்தாதீங்க. எங்க இறங்கணும்னு அதுக்கே தெரியும், நீங்க சும்மா திருப்புங்க."

டைரக்டர் திட்ட வாயெடுத்தவர், கையில் இருப்பதை என்ன செய்வது என்று தெரியாமல் மூடியை ஜாடியின் மேல் வைத்தார். திருப்பினார். உட்காரவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினார். எங்கோ ஓர் இடத்தில் லேசாகத் தட்டியதுபோல் இருந்தது, அவர் புருவம் உயர்ந்தது. மறுபடி அந்த இடத்தைத் தேடினார்.

லேபிள்காரர் எட்டிப் பார்த்தார். ஃபைலுக்குள்ளிருந்து காகிதத்தின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போடும் இடத்துக்கு நேர்மேலே ஜாடி. "சார், அந்த ஃபைல்ல அக்காவோட..."

"கொஞ்சம் பேசாம இருங்க" என்றார் டைரக்டர், மூடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒரு நிமிஷம் சார்" என்று மூடியம்மா ஜாடியை மெல்லத் தூக்கினார். டைரக்டர் மூடியை இரண்டு கையாலும் ஏந்தியபடி காத்து நின்றார். லேபிள்காரருக்கு உயிர் வந்தது. சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, பேனா மூடியைக் கழற்றித் தயாராக நீட்டினார்.

மூடியம்மா ஃபைலை எடுத்தார். உள்ளே இருந்த காகிதத்தோடு சேர்த்து அதை இரண்டாக மடித்தார். உள்ளங்கையால் ஒருமுறை நன்றாக நீவிவிட்டு, ஆடிக்கொண்டிருந்த பக்கத்துக்கு அணையாகக் கொடுத்து, ஜாடியை அதன் மேல் வைத்தார்.